பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வாங்க

சாதி மறுப்புத் திருமணம் பற்றிப் பேசக் கூப்பிடுகிற கூட்டங்களில் மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பயமா இல்லையா அக்கா? அவங்க வீட்டுல என்ன செஞ்சாங்க? போலீஸ் உதவி பண்ணாங்களா? எல்லாம் தேவையான கேள்விகள்தான், நானும் முடிந்தவரை பதில் சொல்கிறேன். போன மாதம் ஒரு தங்கை மட்டும் எழுந்து, “வீட்டுல யாருக்கா சமைப்பீங்க?” என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது. அவளும் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்தக் கேள்விதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஏனென்றால் எங்களைப் போன்றவர்களின் கல்யாணம் செய்தித்தாளில் வருவதாக இருந்தால் அது கடைசிப் பக்கத்தில் ரத்தத்தோடுதான் வருகிறது. அதற்கு முந்தைய நாள் காலையில் அந்த வீட்டில் என்ன குழம்பு என்று யாரும் எழுதுவதில்லை.

எனவே குழம்பிலிருந்தே தொடங்குகிறேன்.

காலையில் என் இணையர் சமைப்பார், ராத்திரியில் நான். அவருக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு. ஒன்று அரிசியும் பருப்பும் சாதம், இன்னொன்று தக்காளிச் சட்னி. எங்கள் கொங்குப் பக்கத்தில் அரிசியும் பருப்பும் சாதத்துக்கு வீட்டுக்கு வீடு ஒரு கைப்பக்குவம் உண்டு. அவர் அம்மா செய்வதைப் பார்த்துக் கற்றது இது. சின்ன வெங்காயத்தை முழுசாகப் போடுவார், நெய்யைத் தாராளமாக விடுவார். எங்கள் வீட்டிலும் அம்மா இதையே செய்வாள். நெய் மட்டும் இருக்காது. முதல் தடவை அவர் செய்ததைச் சாப்பிட்டபோது, ஒரே பேர் உள்ள சாப்பாடு ரெண்டு தெருவில் எப்படி ரெண்டு ருசியாக இருக்கிறது என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் மாட்டுக்கறி வறுப்பேன். திருமணத்துக்கு முன்பு அவர் அதைச் சாப்பிட்டதே இல்லை. இப்போது மிளகு பத்தவில்லை என்று குறை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

நாங்கள் இருப்பது சேலம் அம்மாபேட்டைப் பக்கம், தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்தில், ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில். அவர் சங்ககிரியில் லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். (ரத்தத்தில் சாதி தெரியுமா என்று வசனம் பேசப் போவதில்லை. சினிமாவில் பேசி அலுத்துவிட்டது.) மாலையில் அவர் பேருந்தில் வந்து இறங்கியதும் இருவரும் சேர்ந்து தட்டுவடை செட் சாப்பிடுவோம். ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும், மேலே காரச் சட்னியும் புதினாச் சட்னியும். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் வந்து சாப்பிட்டுப் பாருங்கள். தள்ளுவண்டிக்காரர் எங்களை “புது மாப்ள பொண்ணு” என்றுதான் கூப்பிடுகிறார். அவர் எங்கள் சாதியைக் கேட்டதில்லை. கேட்காமல் இருக்கிறவர்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன், அதிகம் பேர் இல்லை.

வீடு தேடியபோது எல்லோரும் கேட்டார்கள். நேரடியாக இல்லை. முதலில் “எந்த ஊரு?” அப்புறம் “ஊர்ல எந்தப் பக்கம்?” அப்புறம் “கொலதெய்வம் எங்க?” அதற்கும் மசியாவிட்டால் “என்ன கூட்டம்ங்க?” நாலாவது கேள்வியில் ஆளை அளந்துவிடுவார்கள். முதல் வீட்டில் அவரைப் பார்த்து மகிழ்ந்து, முன்பணம் வரைக்கும் பேசிவிட்டு, என் பக்கம் திரும்பியதும் மகளுக்கு வீடு தேவைப்படுகிறது என்றார்கள். மூன்றாவது வீட்டில் நாங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டோம். வீட்டுக்கார அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வாடகை அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துருவீங்களா?” என்றார். அந்தக் கேள்விக்கு நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

இன்னொரு வேடிக்கை. வீட்டுக்குள் நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், நீ நான் என்றுதான் பேச்சு. வாசலுக்கு வந்தால் “ஏங்க”. வீட்டுக்கார அம்மா மனசு நோகக்கூடாதே. அவர் பதிலுக்கு என்னை எல்லார் முன்னாலும் “வாங்க, போங்க” என்பார். அதற்குத்தான் சந்தில் அதிகம் சிரிக்கிறார்கள்.

இனி பிறந்தநாள். எனக்குப் பிறந்தநாள் இரண்டு. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். அப்பா மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை, சேகோ ஆலையில். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள். அம்மா கணக்கில் நான் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் பிறந்தவள். ஊரே காவிரிக்குப் போய் முளைப்பாரி விட்டுவிட்டுத் திரும்பிய ராத்திரி அவளுக்கு வலி எடுத்ததாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் தேதி கேட்டார், அப்பா “ஆடிங்க சார்” என்றார். அது அவருக்குத் தேதியாகத் தெரியவில்லை. ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் காலனிப் பிள்ளைகள் பதினொரு பேர், அதில் ஆறு பேருக்கு ஜூன் 1. ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு ஜாதகம் இருந்தது, ஆளுக்கொரு தேதி இருந்தது. நாங்கள் மட்டும் ஏதோ ஒரே நாளில் அவதரித்தவர்கள் மாதிரி வரிசையாக நிற்போம்.

ஜூன் 1 அன்று எனக்கு எதுவும் நடக்காது. ஆடி பத்தொன்பது அன்று அம்மா பண்ணையிலிருந்து ஓடு விரிந்த முட்டைகளைக் கொண்டுவருவாள். அவை பெட்டியில் ஏறாது, விலையைக் குறைத்து வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். நாமக்கல் முட்டை எங்கெங்கோ கப்பலேறிப் போகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்தேன். எங்களுக்கு வந்தது ஓடு விரிந்தது. அன்றைக்கு மட்டும் எனக்கு மூன்று முட்டை. அதுதான் கேக்.

இந்த இரண்டு தேதிக் கதையை நான் வெறும் நினைவாகச் சொல்லவில்லை. நமக்கு இது உயிர் போகிற விஷயம். சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணின் அல்லது பையனின் வீட்டார் முதலில் கிளப்புவது வயதைத்தான். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு வாரம் குறைந்தாலும் கடத்தல் வழக்கு, போக்சோ வழக்கு என்று போய், பையன் சிறையில் இருப்பான். சட்டத்தின் முன் செல்லுபடியாவது பள்ளிச் சான்றிதழிலும் பிறப்புச் சான்றிதழிலும் உள்ள தேதி. உங்கள் அம்மாவின் ஆடிக்கணக்கு அங்கே நிற்காது. இரண்டு சான்றிதழிலும் வேறு வேறு தேதி இருந்தால், காதலிக்கத் தொடங்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள் என்று தங்கைகளிடம் சொல்வேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்களுக்கு இருவருக்கும் வயது நிறைந்து வெகுநாள் ஆகிவிட்டதால் அந்தச் சிக்கல் இல்லை. 2025 ஏப்ரல் 14, அண்ணல் பிறந்தநாளன்று, நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டோம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் போயிருந்தால் முப்பது நாள் அறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். பேர், விலாசம் எல்லாம் அதில் இருக்கும். தேடி வருகிறவனுக்கு வழி சொல்கிற அறிவிப்பு அது. நம் மாநிலத்தில் அண்ணா ஆட்சிக்கு வந்த 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த வாரம்தான் எனக்குப் புரிந்தது. ஊரறியச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, நண்பர்கள் முன்னிலையில் செய்தாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. புரோகிதர் இல்லை, முகூர்த்தம் இல்லை. மதியம் பிரியாணி இருந்தது.

அவர் வீட்டார் வரவில்லை. “செத்துட்டான்னு நெனச்சுக்கறேன்” என்று அவர் அப்பா சொல்லியனுப்பினார். அவர் மாமா ஒருவர் வேறு மாதிரி சொல்லியனுப்பினார், அதை இங்கே எழுதவில்லை. நாங்கள் போன காவல் நிலையத்தில், “ஒரு ஆறு மாசம் வெளியூர் போய் இருங்களேம்மா” என்று ஆலோசனை சொன்னார்கள். இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் இருபத்துநாலு மணி நேரத் தொலைபேசி உதவியும் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஏப்ரலில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் பாதுகாப்பு இல்லம் வரைக்கும் சேர்த்துச் சொன்னது. அந்தத் தீர்ப்புகளின் நகலை எடுத்துப் போயிருந்தோம். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு எங்களிடமே திருப்பிக் கொடுத்தார்.

பயணம் என்று நாங்கள் போனது மூன்று இடங்களுக்கு. ஏற்காட்டுக்குப் போன கதை எல்லாப் புதுத் தம்பதிகளின் கதைதான். இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரியில் படகு, மிளகாய் பஜ்ஜி, மழை. கொல்லிமலைக்கு எழுபது வளைவு. பாதி வழியில் எனக்கு வாந்தி வந்தது, பேருந்தில் இருந்த ஒரு மலைக்காரப் பாட்டி எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொன்னார். அவ்வளவுதான்.

மூன்றாவது திருச்செங்கோடு. அதற்குப் போகலாம் என்று சொன்னது நான். அவர் வேண்டாம் என்றார். நான் போயே தீர வேண்டும் என்றேன்.

2015 ஜூன் 23 அன்று நான் பள்ளி மாணவி. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், பொறியியல் படித்தவர், உடன் படித்த தோழி ஒருத்தியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. சாதி அமைப்பு நடத்திய யுவராஜும் கூட்டாளிகளும் அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்டப் பார்த்தார்கள். அன்றைக்கு எங்கள் காலனியில் அம்மாக்கள் எல்லாம் தங்கள் பையன்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டாத குறை. என் அண்ணன் முறை ஒருவன் கல்லூரிக்குப் போவதையே ஒரு வாரம் நிறுத்திவிட்டான்.

கோகுல்ராஜின் தாய் சித்ரா ஏழு வருடம் விடவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. யுவராஜுக்குச் சாகும்வரை சிறை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு வந்தபோது இரண்டு நீதிபதிகள் நேரிலேயே மலைக்கோயிலுக்கு வந்து இடத்தைப் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் தண்டனை உறுதியானது. கடைசிவரை பல்டி அடிக்காமல் நின்ற சாட்சிகளில் முக்கியமானது கோயிலின் கண்காணிப்பு கேமரா. உடன் போன பெண் நீதிமன்றத்தில் சாட்சியத்தை மாற்றிச் சொன்னார். அவர்மீது கல்லெறிய எனக்குக் கை வரவில்லை. அவர் எந்த வீட்டில், யார் யாருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

திருச்செங்கோட்டு மலையில் வண்டிப் பாதை இருக்கிறது. நாங்கள் படியேறித்தான் போனோம். வழியில் பாறையிலேயே செதுக்கிய பெரிய நாகம், மேலெல்லாம் குங்குமமும் மஞ்சளும். அறுபதாம்படி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்று சத்தியம் செய்தால் பொய் சொல்ல முடியாது என்று அந்தக் காலத்தில் வழக்குகளையே அங்கே தீர்த்துக்கொள்வார்களாம். அவர் அங்கே நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார், சினிமாத்தனமாக இருக்கும் என்று நான் நிறுத்திவிட்டேன். மேலே போனால் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற சாமி, ஒரு பக்கம் வேட்டி, ஒரு பக்கம் சேலை. ஆணையும் பெண்ணையும் பிரிக்க முடியாது என்று சொல்கிற சாமி குடியிருக்கிற மலையில்தான் ஒரு பையனும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தது குற்றமானது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, கும்பிடவும் இல்லை. ஆனால் படியேறுகிற நேரம் முழுக்க எந்தெந்தத் தூணில் கேமரா இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு கேமராவுக்கு நேராக நின்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்பது நினைவில்லை. பொரி வாங்கிக் குரங்குகளுக்குப் போட்டோம்.

இந்தப் பகுதியிலேயே புதுத் தம்பதியைப் பற்றி எழுதப்பட்ட ஒரு நாவல் உண்டு, பெருமாள்முருகனின் ‘பூக்குழி’. 2013இல் வந்தது, தருமபுரி இளவரசனுக்குச் சமர்ப்பித்திருப்பார். சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன் சரோஜாவைக் கல்யாணம் செய்து தன் ஊருக்கே கூட்டிவருகிறான். அம்மா இருக்கிறாள், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நம்புகிறான். நான் அதைக் கல்யாணத்துக்கு முன்பே பாதியில் மூடி வைத்தேன். நம் கதையின் முடிவை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதைப் போல இருந்தது. இன்னும் மீதியைப் படிக்கவில்லை.

தலை தீபாவளிக்கு எங்கள் காலனிக்குப் போனோம். அவருக்கு அப்பா ஒரு வேட்டி சட்டை எடுத்திருந்தார், அம்மா கடன் வாங்கி அரைப்பவுன் மோதிரம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். “எல்லார் ஊட்டு மாப்பிள்ளைக்கும் போடறாங்க, எம் மாப்பிள்ளைக்கு மட்டும் என்ன கொறச்சல்?” என்று அம்மா அழுதுவிட்டாள். காலனிக் கிழவிகள் ஒவ்வொருத்தியாக வந்து மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி அவரிடம், “உங்கப்பாரு காட்டுல நா களை வெட்டியிருக்கறனுங் சாமி” என்றாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். “சாமின்னு சொல்லாதீங்க ஆயா” என்றார். “அப்பறம் என்னன்னு சொல்றது?” என்று கேட்டாள். அவருக்குப் பதில் வரவில்லை. நான்தான் “மாப்ளைன்னு சொல்லு ஆயா” என்றேன். கிழவிக்கு அது வாயில் வரவே இல்லை. ரெண்டு தடவை முயன்றுவிட்டு, “போ புள்ள” என்று என்னை அடித்துவிட்டுப் போனாள்.

தீபாவளி முடிந்த வாரம் அந்த அழைப்பு வந்தது. அவர் பிறந்தநாள் ஐப்பசியில். போன வருடம் வரை அது ஊரறிந்த விழா. நண்பர்கள் பேருந்து நிறுத்தத்தில் பிளக்ஸ் வைப்பார்கள், மேலே சாதித் தலைவர் படம், கீழே இவர் கூலிங்கிளாஸோடு. போன வருட பிளக்ஸை அவர் அம்மா சோளத்தட்டுப் போர்மேல் மழைக்குப் போர்த்தி வைத்திருக்கிறாராம். இந்த வருடம் நண்பர்கள் இவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அது அவருக்கு வலித்தது, எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரே விஷயம் ஒரே வீட்டில் இரண்டு பேரை இரண்டு விதமாகத் தொடும்.

பேசியது அவர் அம்மா. ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை.

“பொறந்த நாளுக்கு ஊட்டுக்கு வாங்க கண்ணு. அமுச்சி உன்னயப் பாக்கோணும் பாக்கோணும்ங்கறா. அந்தப் புள்ளயவும் கூட்டிட்டு வா.”

அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கு அடிவயிறு குளிர்ந்துபோனது.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கம் 2023 ஏப்ரலில் நடந்தது. பையன் வேறு சாதி, பெண் நம்மைப் போலத் தலித். திருமணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சித்திரைப் பிறப்பை ஒட்டி அவன் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அப்பன் வந்து மகனை வெட்டினான், தடுத்த தன் தாயையே வெட்டினான், இருவரும் இறந்துபோனார்கள். மருமகள் படுகாயத்தோடு பிழைத்தாள். பாட்டி உண்மையான பாசத்தோடுதான் சேர்த்துக்கொண்டிருக்கிறாள், அதற்கு அவள் உயிரே சாட்சி. வீட்டில் பாசம் இருந்தால் போதாது, அரிவாளும் இருக்கக்கூடாது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கொல்லப்பட்ட கவின் செல்வகணேஷையும், வீட்டில் பேசவேண்டும் என்கிறார்கள் என்று சொல்லித்தான் பெண்ணின் தம்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான் என்பது வழக்கு. அதற்கு மறு வாரம்தான் என் ஆடி பத்தொன்பது. அம்மா முட்டை கொண்டுவந்து வைத்துவிட்டு, இவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரம் வீட்டில் சண்டை. சத்தம் போட்ட சண்டை இல்லை, பாத்திரம் வைக்கிற விதத்தில் தெரிகிற சண்டை. “எங்கம்மா என்னயக் கொல்லக் கூப்புடுவாளா?” என்றார். “உங்கம்மா கூப்பிடலாம், உங்கப்பா வந்து நிக்கலாம்” என்றேன். “எல்லாரையும் அப்பிடியே பாக்காத.” “எல்லாரையும் பாக்கல, உங்க மாமாவப் பாக்கறேன்.” அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. ஒரு தாயின் அழைப்பைச் சந்தேகிக்க வைக்கிற கேவலம் சாதிக்கு உண்டு, அதற்கு நாமும் இடம் கொடுக்கிறோமா என்று எனக்கே கேள்வி. ஆனால் சந்தேகிக்காமல் போனவர்களின் படங்களுக்கு நான் எத்தனை கூட்டங்களில் மாலை போட்டிருக்கிறேன். ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தது அதே அக்டோபரில்தான். சட்டம் வரட்டும், வர வேண்டும், அதற்கு நாம் தெருவில் நிற்க வேண்டும். எங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு தேவைப்பட்டது.

உடுமலைப்பேட்டையில் சங்கரும் கௌசல்யாவும் துணிக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோதுதான் 2016 மார்ச் 13 அன்று பேருந்து நிலையத்துக்கு எதிரில் வெட்டப்பட்டார்கள். அப்போது அவர்களுக்குத் திருமணமாகி எட்டு மாதம். அதையும் நினைத்தேன். ஆக, கூட்டமான இடம் என்றாலே பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. இருந்தாலும் முடிவில் இருவரும் ஒத்துக்கொண்டது இதுதான்: ஊருக்குப் போவதில்லை. அம்மாவும் அமுச்சியும் நாமக்கல் வரட்டும், கோட்டை அடிவாரத்தில், பகலில், ஆட்கள் நடமாடும் நேரத்தில். எங்கள் தோழர்கள் நான்கு பேர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருப்பார்கள். அவர் இதை அம்மாவிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அந்தப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சரி” என்று மட்டும் கேட்டது.

கண்ணாஸ்பத்திரிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு இரண்டு பெண்களும் டவுன் பஸ்ஸில் வந்தார்கள். அமுச்சிக்குக் கண் மங்கல், எண்பதைத் தாண்டியவர். அத்தை கையில் ஒரு தூக்குப்போசி. உள்ளே கச்சாயம், பிறந்தநாள் தவறாமல் மகனுக்குச் சுடுவது. மகனைப் பார்த்ததும் இரண்டு பேரும் அழுதார்கள். நான் ஓரமாக நின்றேன். மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அந்த நேரத்தில் வசதியாக இருந்தது, ஒரே பாறை, பார்க்க நிறைய இருக்கிறது.

அமுச்சி என் கையைப் பிடித்துப் பார்த்தார். “எந்தூட்டுப் புள்ள நீ?” என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. நானே எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லி, “காலனிங்க” என்றேன். கையை எடுக்கவில்லை. “ம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தண்ணி இருந்தாக் குடு” என்றார். என் பாட்டிலைக் கொடுத்தேன். அண்ணாந்து ஊற்றிக் குடித்தார். எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். அதில் சாதி இருந்ததா, பழக்கம் மட்டும் இருந்ததா என்று இன்றுவரை எனக்கும் அவருக்கும் விவாதம்.

அத்தை தண்ணீரும் குடிக்கவில்லை, நாங்கள் வாங்கிய டீயும் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். தம்ளர் பெஞ்சில் ஆறிக்கொண்டிருந்தது. இதை நான் சமாதானம் என்றோ மனமாற்றம் என்றோ எழுதப் போவதில்லை. முக்கால் மணி நேரம் இருந்தார்கள், மழை வருகிற மாதிரி இருந்ததால் கிளம்பினார்கள். என் இணையரின் அப்பாவுக்கு இன்றுவரை இது தெரியாது. தோழர்கள் இரண்டு கிலோ கடலையைத் தீர்த்திருந்தார்கள்.

பஸ் ஏறும் முன்பு அத்தை முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார்.

“உனக்குப் பொறந்த நாளு எப்ப?”

ஜூன் 1 என்று சொல்லத்தான் வாய் போனது, எல்லா விண்ணப்பங்களிலும் எழுதிப் பழகிய தேதி அது. “ஆடி பத்தொம்பதுங்க” என்றேன். “பெருக்குக்கு மறுநாளா?” என்றார். ஆமாங்க என்றேன். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. ஆடிக்கு இன்னும் நிறைய மாதம் இருக்கிறது.

இது நடந்து மாதம் ஒன்றாகிறது. நாங்களும் எட்டாவது மாதத்தில் இருக்கிறோம். கச்சாயம் அன்றைக்கு ராத்திரியே தீர்ந்துவிட்டது, நன்றாகத்தான் இருந்தது, வெல்லம் மட்டும் கொஞ்சம் தூக்கல். தூக்குப்போசி எங்கள் அலமாரியில் கழுவிக் கவிழ்த்து இருக்கிறது. போசியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டிலும் வழக்கம், அவர்கள் வீட்டிலும் வழக்கம். எதைப் போட்டுக் கொடுப்பது என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் கடையில் லட்டு வாங்கிப் போடலாம் என்கிறார், சிக்கல் வராது. நான் நம் வீட்டில் சமைத்ததைத்தான் போட வேண்டும் என்கிறேன். அம்மாவிடம் கேட்டதற்கு, பண்ணையிலிருந்து நல்ல முட்டையாகப் பார்த்துப் பத்து கொண்டுவருகிறேன், அவித்துப் போடு, ஓட்டோடு இருந்தால் யார் கை பட்டாலும் தின்பார்கள் என்றாள்.